உலாவியும் வலைப்பூவும்: பெயர்த்துக்கொண்டு போகக்கூடிய வீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மைகார்டு என்ற அடையாள அட்டையின் நகல், அரசாங்கப் பாரம், பிள்ளைகளின் பள்ளிப் பாடம் என்று சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வந்த வேலை முடிந்ததும் பலர் கைப்பேசியை நீட்டிச் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, கூகுள் வரமாட்டேங்குது, என்னான்னு பாருங்க." பார்த்தால் கூகுளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டேட்டா தீர்ந்திருக்கும், இல்லையென்றால் உலாவி பழசாகியிருக்கும், இல்லையென்றால் எதையோ தெரியாமல் அழுத்தி வைத்திருப்பார்கள். இவை மூன்றும் தனித்தனி விஷயங்கள் என்று யாரும் அவர்களிடம் உட்கார்ந்து விளக்கியதில்லை. கடையில் நின்றபடி அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருவதையே எடுத்துக்கொள்வோம். செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் பாதையும் அதற்கடுத்த தார் ரோடும் இணையம். தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்டும் காசு இந்தப் பாதைக்கானது. நீங்கள் ஏறி வரும் மோட்டார் சைக்கிள் உலாவி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி எல்லாம் அந்த வகை. முச்சந்தியில் நின்று "இப்படிப் போங்க" என்று கை காட்டுகிறவர்தான் கூகுள் தேடல். நீங்கள் போய்ச் சேரும் வீடு ஒரு வலைத்தளம், அல்லது ஒருவர் தொடர்ந்து பதிவுகள் எழுதும் வலைப்பூ (பிளாக்). குரோமைச் செய்ததும் கூகுள் நிறுவனம், குரோமைத் திறந்தவுடன் தெரிவதும் கூகுள் தேடல் என்பதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. மோட்டாரை மாற்றினாலும் பாதை அப்படியே இருக்கும், போகிற வீடும் அப்படியே இருக்கும். இது மனதில் பதிந்துவிட்டால் உலாவியை மாற்றிப் பார்க்கும் பயம் போய்விடும்.

வலையில் தோன்றிய முதல் உலாவியை 1990-இல் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதினார். அதைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அதில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அதே ஜன்னலில் எழுதவும் முடியும் என்பதுதான். படிப்பவர் வேறு, எழுதுபவர் வேறு என்று அவர் பிரிக்கவில்லை. 1993-இல் மொசைக் வந்து படங்களோடு பக்கங்களைக் காட்டியபோது உலகமே வலைக்குள் வந்தது. ஆனால் அதற்குப் பின் பரவலான உலாவிகளில் எழுதும் வசதி பெரும்பாலும் இல்லாமல் போனது, பார்ப்பது மட்டும் மிஞ்சியது. எழுதும் வேலையைச் சாதாரண மனிதர்கள் கைக்குத் திரும்பக் கொண்டுவந்தது வலைப்பூ மென்பொருள். அதனால்தான் உலாவியையும் வலைப்பூவையும் ஒரே கட்டுரையில் சேர்த்துப் பேசுகிறேன். இரண்டும் ஒரே பொருளின் இரண்டு பாதிகள்.

சரி, எந்த உலாவி? செயலிக் கடையில் பெயர்கள் பத்து இருந்தாலும் உள்ளே இருக்கும் இன்ஜின் மூன்றே வகை. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் உள்ளே பிளிங்க். ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ. ஆப்பிளின் சஃபாரிக்கு வெப்கிட். நம் நாட்டு ஐபோனில் எந்தப் பெயரில் உலாவி போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஆகவே குரோமில் சரியாக வராத பக்கத்தை எட்ஜில் திறந்து பார்ப்பதில் அதிகப் பலன் இருக்காது, ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பழைய கணினியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இன்னும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 2022 ஜூன் 15-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத உலாவியில் வங்கி வேலை பார்ப்பது பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பதற்குச் சமம்.

என் யோசனை எளியது. கைப்பேசியோடு வந்த உலாவியை அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக ஃபயர்ஃபாக்ஸையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே விளம்பரம் தடுக்கும் நீட்சிகளை, அதாவது உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவிகளை, சேர்க்க அது இடம் தருகிறது, குரோம் கைப்பேசியில் அதற்கு இடம் தருவதில்லை. டேட்டா குறைவாக உள்ளவர்களுக்கு ஓபரா மினி உதவும். அது பக்கத்தை முதலில் தன் சர்வரில் வாங்கிச் சுருக்கிப் பிறகு உங்களுக்கு அனுப்புகிறது. நீங்கள் பார்ப்பது இன்னொருவர் கணினி வழியாக வருகிறது என்பதால் வங்கிக்கும் கடவுச்சொல் போடும் இடங்களுக்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். தமிழ் எழுத்துருவே இல்லாத பழைய கைப்பேசிகளில் பலர் தமிழ் படித்ததும் இந்த ஓபரா மினியால்தான். அப்போது அதன் மறைவான அமைப்புப் பக்கத்தில் ஒரு வசதியை மாற்றினால், தமிழ் எழுத்துகளைச் சர்வரிலேயே சின்னச் சின்னப் படங்களாக்கி அனுப்பும். கட்டம் கட்டமாகத் தெரிந்த இடத்தில் தமிழ் தெரிந்தபோது அடைந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

எந்த உலாவியை எடுத்தாலும் அதை நம் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதுதான் முக்கியம். கடையில் வாங்கிய பால் கத்தியை அப்படியே கொண்டுபோய் ரப்பர் மரம் சீவ மாட்டார்கள். தீட்டி, கைப்பிடியைச் சரிபார்த்துத்தான் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போவார்கள். உலாவியும் அப்படித்தான்.

முதலில் அறிவிப்புகள். என்னிடம் வரும் புகார்களில் மிக அதிகமானது இதுதான். ஒரு பாட்டி அழாத குறையாக வந்தார். கைப்பேசியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "உங்கள் போனில் வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்கிறதாம், பேரன் அனுப்பிய படங்களெல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்து இரண்டு நாளாகக் கைப்பேசியை அணைத்தே வைத்திருந்தாராம். வைரஸ் எதுவும் இல்லை. எப்போதோ ராசிபலன் பார்க்கப் போன பக்கம் ஒன்று "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறது. அதை மூடினால்தான் ராசிபலன் தெரியும் என்று நினைத்து "அனுமதி" என்பதை அழுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் உலாவியின் வழியாகக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. குரோமில் மூன்று புள்ளியை அழுத்தி, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று உள்ளே போனால் யார் யாருக்கு அனுமதி தந்திருக்கிறோம் என்ற பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களையெல்லாம் நீக்கி, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று மொத்தமாக மூடிவிட்டேன். புலனம் (வாட்ஸ்அப்), வங்கிச் செயலி போன்றவற்றின் அறிவிப்புகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அவை வழக்கம்போல வரும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே அவர்கள் கைப்பேசியை வாங்கி இதைச் செய்து கொடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது எழுத்து. உலாவிகள் பொதுவாக 16 பிக்சல் அளவில் எழுத்தைக் காட்டும். ஆங்கிலத்துக்கு அது போதும். ஐகாரக் கொம்பும் ஊகாரச் சுழியும் கொண்ட நம் எழுத்துக்கு அது நெருக்கம். கணினியில் கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் பக்கம் பெரிதாகும், கண்ட்ரோலோடு பூஜ்யத்தை அழுத்தினால் பழையபடி ஆகும். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்வதைவிட, அமைப்பில் எழுத்தளவை ஒரேயடியாக 20-க்கு மாற்றிவிடுவது நல்லது. கணினி ஃபயர்ஃபாக்ஸில் இன்னொரு அருமையான வசதி உண்டு. எழுத்துரு அமைப்பில் மொழியாகத் தமிழைத் தேர்ந்து, தமிழுக்கு மட்டும் தனி எழுத்துருவும், இதற்குக் கீழே சிறிதாகக் கூடாது என்ற அளவும் வைக்கலாம். மலாய், ஆங்கிலப் பக்கங்கள் அப்படியே இருக்க, தமிழ் மட்டும் கண்ணுக்கு இதமாகிவிடும். கைப்பேசிக் குரோமில் அணுகல்தன்மை என்ற பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கலாம்.

பழைய தமிழ்ப் பக்கம் சிலவற்றில் எழுத்து கொத்துக் குலைந்து ஏதோ குறியீடுகளாகத் தெரியும். அது உங்கள் கைப்பேசியின் குறை இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு என்ற முறை பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எழுத்துகளை ஒவ்வொரு முறையில் அடுக்கி வைத்திருந்தது. திஸ்கி என்ற பொதுமுறை ஒன்றும் இருந்தது. அந்தந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் வெறும் கிறுக்கலாகத்தான் வரும். இன்று எல்லோரும் யூனிகோடில் எழுதுவதால் அந்தத் தொல்லை தீர்ந்தது. தமிழை இந்தக் கருவிகளுக்குள் கொண்டுவந்ததில் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களான முரசு அஞ்சலுக்கும் செல்லினத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தட்டத் தெரியாதவர்கள் விசைப்பலகையில் உள்ள மைக்கை அழுத்திப் பேசினாலே தமிழ் வந்துவிடுகிறது. நம் பேச்சில் மலாய்ச் சொல் கலக்கும்போது அது கொஞ்சம் தடுமாறும், திருத்திக்கொள்ள வேண்டும்.

படிக்கவே சிரமப்படுகிறவர்களுக்கு எட்ஜ் உலாவியை நான் சொல்வேன். கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கும். குரல் பட்டியலில் மலேசியத் தமிழ் என்றே தனியாகக் கனி, சூர்யா என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன. இணையத் தொடர்பு இருந்தால்தான் அவை பேசும். கண் மங்கிய பெரியவர் ஒருவர் என் கடையில் உட்கார்ந்து பத்திரிகைச் செய்தியை அப்படிக் கேட்டார். முடிந்ததும் "இன்னொரு தடவ போடு" என்றார்.

ஒரே மடிக்கணினியைக் குடும்பமே பயன்படுத்தும் வீடுகளுக்குச் சுயவிவரம் என்ற வசதி அவசியம். பள்ளிப் பிள்ளைகள் கல்வியமைச்சின் டெலிமா தளத்துக்குப் பள்ளி கொடுத்த கணக்கில் நுழைகிறார்கள். அதே உலாவியில் அப்பாவின் மின்னஞ்சலும் திறந்திருக்கும். கொஞ்ச நாளில் இரண்டும் கலந்து, பாடத்தை எந்தக் கணக்கில் அனுப்பினோம் என்றே தெரியாமல் போகும். உலாவியின் மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தை அழுத்தி ஆளுக்கொரு சுயவிவரம் திறந்துவிட்டால் ஒரே வீட்டில் தனித்தனி அறை மாதிரி. புத்தகக்குறி, கடவுச்சொல், பார்த்த பக்கம் எல்லாம் தனித்தனியே நிற்கும். பூட்டு இல்லாத அறை என்பதை மட்டும் மறக்காதீர்கள், ஒருவர் அறைக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியும்.

மறைநிலை ஜன்னலைப் பற்றித் தவறான நம்பிக்கை நிறைய. அதில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது மறைப்பது அந்தக் கருவியில் எழுதிவைக்கப்படும் வரலாற்றை மட்டுமே. தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும், நீங்கள் போன தளத்துக்கும், வைஃபை கொடுத்தவருக்கும் தெரிவது தெரியத்தான் செய்யும். என்றாலும் என் கடைக் கணினி போன்ற பொதுக் கணினியில் மின்னஞ்சல் திறப்பவர்களுக்கு அதைத்தான் திறந்து கொடுப்பேன். ஜன்னலை மூடியவுடன் உள்ளே நுழைந்த கணக்கு தானாக வெளியேறிவிடும்.

நீட்சிகள் இரண்டு மூன்று போதும். விளம்பரத் தொல்லைக்கு யூபிளாக் ஆரிஜின் நல்லது, இலவசம். குரோமில் நீட்சிகளுக்கான விதிகள் மாறியதால் அதன் முழு வடிவம் இப்போது அங்கே ஓடாது, லைட் என்ற சிறிய வடிவம் கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக ஓடும். புது நீட்சி போடும்போது "எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்டால் நின்று யோசியுங்கள். வெறும் வால்பேப்பர் மாற்றும் நீட்சிக்கு அது எதற்கு?

இனி எழுதும் பக்கம்.

இந்த ஊரின் பெயரைத் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் 1948 ஜூன் 16-ஆம் தேதிதான் வருகிறது. எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் வரலாறுதான். ஆனால் அதே தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருந்து விடியற்காலையில் பெரட்டுக்குப் போனவர்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு மரத்துக்கு ஓடியவர்கள், தீமிதிக்கு மூன்று மாதம் சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்தவர்கள் எங்கே? அவர்கள் கதையை அவர்கள் வீட்டார் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. என் கடைக்கு வரும் ஓர் அக்கா ஆயாக்கொட்டகையிலேயே வளர்ந்து, பிறகு அங்கேயே ஆயாவாக வேலை செய்தவர். லயம் இடிக்கப்பட்டபின் தாமானில் வீடு வாங்கி வந்துவிட்டார். "எழுதணும் தம்பி, ஃபேஸ்புக்கில போட்டா ஒரு வாரத்தில காணாமப் போகுது" என்றார். முகநூல் பெரட்டுக்களத்துப் பேச்சு போல. அன்றைக்குச் சூடாக இருக்கும், ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. வலைப்பூவில் ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான முகவரி உண்டு. பத்து வருடம் கழித்தும் பேத்தி அதே முகவரியில் வந்து படிக்கலாம்.

அந்த முகவரி யாருடையது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் முதன்முதலில் எழுதியது ஓர் இலவசத் தளத்தில். மூன்று வருடம் எழுதினேன். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டு மாமரம், பால் ஸ்டோர், மழைநாளில் வேலையில்லாத சோகம் என்று நாற்பது பதிவுக்கு மேல் இருக்கும். ஒருநாள் திறந்தால் தளமே இல்லை. மூடப்போகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள், நான் பார்க்காத ஒரு பழைய முகவரிக்கு. பிரதி எடுத்து வைக்கவில்லை. எல்லாம் போய்விட்டது. தோட்டத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த வலி புதிதில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் தோட்டம் கைமாறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதைப் பார்த்தவர்கள் நாம். 1919-இல் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். குடியிருக்கும் மண் நம் பெயரில் இருக்க வேண்டும் என்பது நம் ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. வலைப்பூவுக்கும் அந்தக் கணக்கைத்தான் நான் போடுகிறேன்.

இரண்டு மென்பொருள்களைத் தெரிந்துகொண்டால் போதும். பிளாகர் 1999-இல் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கிக்கொண்டது. ஜிமெயில் இருந்தால் கால் மணி நேரத்தில் வலைப்பூ திறந்துவிடலாம், காசு கிடையாது, பராமரிப்பு வேலையும் கிடையாது. வேர்ட்பிரஸ் 2003 மே 27-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரால் வெளியிடப்பட்டது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற உரிமையோடு வரும் மென்பொருள் அது. இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று. வேர்ட்பிரஸ்.காம் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் வாடகை வீடு. இலவசமாகக் குடியேறலாம், கூடுதல் வசதிக்குக் காசு. வேர்ட்பிரஸ்.ஆர்க் என்பது மென்பொருளை மட்டும் தருகிறது. அதை எடுத்து நீங்கள் வாடகைக்குப் பிடித்த சர்வரில் நீங்களே வீடு கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியபின் ஓடு மாற்றுவது, கரையான் பார்ப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. மென்பொருளையும், அதோடு கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல்களையும் புதுப்பிக்காமல் விட்டால் யாராவது பின்வாசல் வழியே புகுந்துவிடுவார்கள்.

தனியாளாக நினைவுகளை எழுதப்போகிறவருக்குப் பிளாகர்தான் என் முதல் சொல். கோயில் நிர்வாகம், முன்னாள் மாணவர் சங்கம் போன்ற குழுவுக்கு, மாதம் ஒருமுறை உட்கார்ந்து பராமரிக்க ஓர் இளைஞர் உறுதியாகக் கிடைத்தால் சொந்தச் சர்வரில் வேர்ட்பிரஸ். ஆள் கிடைக்காவிட்டால் வேண்டாம், பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைவிட விளக்கெரியும் சின்ன வீடு மேல். மீடியம், சப்ஸ்டாக் போன்றவையும் இருக்கின்றன. எழுத அழகாக இருக்கும், ஆனால் நம் விருப்பப்படி தமிழ் எழுத்துருவையும் அமைப்பையும் மாற்ற அங்கே இடம் மிகக் குறைவு.

கொஞ்ச நாள் தொடர்ந்து எழுத முடிகிறது என்று தெரிந்ததும் சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரிலேயே ஓர் இணைய முகவரி, வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்ட வேண்டும். நம் நாட்டின் டாட் மை முகவரிகளை மைனிக் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. பிளாகரில் சொந்த டொமைனை இணைக்கக் கூகுள் தனியாகக் காசு வாங்குவதில்லை. நாளைக்குப் பிளாகரை விட்டு வேர்ட்பிரஸுக்குப் போனாலும் முகவரி உங்களோடு வரும். படிப்பவர்களுக்கு வீடு மாறியதே தெரியாது.

திறந்தவுடன் மாற்ற வேண்டியவை சில. நேர மண்டலத்தைக் கோலாலம்பூருக்கு, அதாவது ஜிஎம்டி கூட்டல் 8-க்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அமெரிக்க நேரமே நின்று, தைப்பூசத்தன்று காலையில் போட்ட பதிவு முதல்நாள் தேதியில் நிற்கும். பின்னூட்டம் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகுதான் வெளியாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவின் முகவரி தமிழர்களுக்கே உரிய சிக்கல். தலைப்பைத் தமிழில் மட்டும் எழுதினால் பிளாகர் அதை முகவரியில் சேர்க்கத் தெரியாமல் "பிளாக்-போஸ்ட்" என்று ஒரு பொதுப்பெயரைப் போட்டுவிடும். எல்லாப் பதிவும் ஒரே பெயரும் பின்னால் ஒரு எண்ணுமாக இருக்கும். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அந்த முகவரியைப் புலனத்தில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நீண்டு கிடக்கும். காரணம் இதுதான்: தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக மாறும். ஒரு "க" ஒன்பது எழுத்தாகிவிடுகிறது. முகவரிக்கு வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் எல்லை 200 எழுத்து என்பதால் நீண்ட தலைப்பு 22 குறிகளுக்குமேல் வெட்டுப்பட்டுப் போகும். இரண்டு மென்பொருளிலும் வெளியிடுவதற்கு முன் நிலையான முகவரி என்ற இடத்தில் சிறிய பெயர் ஒன்றை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுத்துவிடுங்கள். வெளியிட்டபின் மாற்றினால் முன்பு பகிர்ந்த முகவரிகள் உடைந்துபோகும்.

தோற்றத்தில் எளிமையான தீம் ஒன்றைத் தேர்ந்து, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை போன்ற இலவச எழுத்துருவில் ஒன்றைப் போடுங்கள். வரியிடைவெளியைத் தாராளமாக விடுங்கள். இரண்டு ஓரமும் நேராக வரும்படி அமைப்பது அச்சுப் புத்தகத்துக்கு அழகு. கைப்பேசியின் குறுகிய திரையில் நம் நீண்ட சொற்கள் அதற்கு இணங்காமல் வரிக்கு நடுவில் பெரிய பெரிய ஓட்டைகளை விட்டுவிடும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். சாய்ந்த எழுத்து தமிழுக்குப் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. பழைய படங்களைப் போடும்போது அதில் இருப்பவர்களின் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எதுவும் படத்தில் தெரியக் கூடாது.

கடைசியாகப் பிரதி எடுப்பது. பிளாகரில் அமைப்புகளுக்குள் காப்புப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது. வேர்ட்பிரஸில் கருவிகள், ஏற்றுமதி என்று போக வேண்டும். இரண்டும் எழுதியதையெல்லாம் எக்ஸ்.எம்.எல் வகைக் கோப்பாகத் தரும். பிளாகர் கோப்பை வேர்ட்பிரஸ் வாங்கிக்கொள்ளும், அதனால் வீடு மாறலாம். ஆனால் அந்தக் கோப்பில் படங்கள் இருக்காது, படங்கள் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். படங்களைத் தனியாக ஒரு கோப்புறையில் சேர்த்து வையுங்கள். உலாவிக்கும் இதே வழி உண்டு. புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் கோப்பாக எடுத்து வேறு உலாவிக்கு மாற்றலாம். கடவுச்சொல் கோப்பை மட்டும் மாற்றிய கையோடு அழித்துவிடுங்கள், அதைத் திறந்தால் யாரும் படிக்கலாம்.

சாவியும் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு கோயில் வலைப்பூவைத் தொடங்கிய பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் கணக்கில் மட்டுமே திறக்க முடியும் என்பதால் இரண்டு வருடத் திருவிழாப் படங்கள் ஏறவே இல்லை. பிளாகரில் இன்னொருவரை மின்னஞ்சல் வழியே அழைத்து நிர்வாகியாக்கலாம். 2 ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்கை நீக்கும் விதியையும் கூகுள் 2023-இல் கொண்டுவந்துவிட்டது. வயதானவர் எழுதும் வலைப்பூவில் மகனையோ பேத்தியையோ இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள், கணக்கை அவ்வப்போது திறந்து பாருங்கள்.

அந்த அக்கா இப்போது ஏழு பதிவு எழுதிவிட்டார். முதல் பதிவு ஆயாக்கொட்டகையில் தூளி கட்டிய விதம் பற்றி. பேசியதைக் கைப்பேசி எழுதியது, எழுத்துப்பிழையை மகள் திருத்தினாள், நிர்வாகியாகவும் அவளைச் சேர்த்திருக்கிறோம். மாதக் கடைசியில் கடைக்கு வந்து எக்ஸ்.எம்.எல் கோப்பையும் படங்களையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகிறார். எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். சாமி மேடைக்குக் கீழே இழுப்பறையில், வீட்டுப் பத்திரத்தோடு என்றார்.